மண்ணைத் தோண்ட வரும் மாணவர்கள்

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர் ஒருவர் சிறு மண்வெட்டியும், மூடியிட்ட குப்பிகளும், ஒரு நோட்டுப் புத்தகமுமாக நம் வரப்பில் வந்து நிற்கிறார். “ஐயா, இங்கே ஒரு சிறு குழி தோண்டி, மண்ணிலுள்ள புழு பூச்சிகளை எண்ணிக் கொள்ளலாமா?” என்று கேட்கிறார். நிலத்தை அளக்க வந்தவரோ, எதையேனும் விற்க வந்தவரோ என்ற ஐயம் நம் அங்கத்தினருக்கு எழுவது இயல்பே. “புழுவை எண்ணி என்ன ஆகப்போகிறது?” என்று திருப்பி அனுப்புவாரும் உண்டு. அவ்வாறு அனுப்பினால் நட்டம் மாணவருக்கு மட்டும் அன்று, நமக்கும் உண்டு என்பதை விளக்கவே இதனை எழுதுகிறோம்.

மண்ணுக்குள் ஒரு சங்கம்

நாம் எருவிடுகிறோம், பயிர் விளைகிறது. இடையே நடக்கும் வேலையைச் செய்வோர் யார்? வயலில் கிடக்கும் தழையையும் தாளையும் மரவட்டையும் கறையானும் துண்டு துண்டாக்குகின்றன. மண்புழு அவற்றை மண்ணோடு விழுங்கிக் குருணையாக வெளியிடுகிறது. எஞ்சியதைப் பூஞ்சாணங்களும் பாக்டீரியாக்களும் சிதைத்து, வேர் உறிஞ்சத்தக்க உப்புகளாக மாற்றுகின்றன. உளுந்தின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு அளிக்கிறது. மண்புழு சென்ற துளைவழியே மழைநீர் கீழே இறங்குகிறது.

நல்ல மண் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். மண்புழுவின் பணியை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1881-ம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். உலகிலுள்ள உயிரினங்களில் சுமார் 59 சதவிகிதம் மண்ணில் வாழ்வனவென்று 2023-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டனர்.

தாளைக் கொளுத்துவதாலும், அளவின்றிப் பூச்சி மருந்து தெளிப்பதாலும் இச்சங்கத்தின் அங்கத்தினர் குறைகின்றனர். உரத்தை மேலும் மேலும் இட்டு விளைச்சலைத் தாங்கிப் பிடிப்பதால், இக்குறைவு நம் வரவு செலவுக் கணக்கில் உடனே தெரிவதில்லை. அதனைத் தெரிவிக்கும் தணிக்கையே மாணவர் செய்யும் எண்ணிக்கை.

மாணவர் செய்வது என்ன?

முதலாவது, 25 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. ஆழத்திற்கு மண்ணை எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பிக் கையால் பொறுக்கி எண்ணுவர். கிடைத்த தொகையை 16-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு வரும். குழியில் 5 மண்புழுக்கள் இருந்தால் சதுர மீட்டருக்கு 80 என்று பொருள்.

இரண்டாவது, வாய் தரைமட்டமாக இருக்கும்படி குவளைகளைப் புதைத்து வைப்பர். இரவில் ஊர்ந்து திரியும் எறும்பு, வண்டு, சிலந்தி ஆகியவை அவற்றில் விழும்.

மூன்றாவது, வலை பொருத்திய புனலில் மண்ணை இட்டு, மேலே விளக்கொன்றை எரிய விடுவர். வெப்பத்தால் மண் மேலிருந்து உலர, உள்ளிருக்கும் மிகச் சிறு பூச்சிகள் கீழ்நோக்கி ஓடிக் குப்பியில் விழும். இத்தாலியரான பெர்லேசே 1905-ல் அமைத்த புனலே இம்முறைக்கு மூலம்.

கோடையில் ஒரு தொல்லை உண்டு. சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் மண்புழு ஆழத்திற்குச் சென்று சுருண்டு கிடக்கும். அப்பொழுது தோண்டி “இங்கே புழுவே இல்லை” என்று எழுதினால் அது தவறான தீர்ப்பாகும். ஆகவே வயல், வரப்பு, மரத்தடி ஆகியவற்றை ஒரே நாளில் தோண்டி ஒப்பிட வேண்டும். மண்ணின் ஈரத்தையும் குறிக்க வேண்டும். மழைக்குப் பின் அதே இடத்தில் மறுமுறை எண்ண வேண்டும்.

நெசவாளர் தரும் அளவுகோல்

நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. எனினும் அவற்றின் உழைப்பைப் பருத்தித் துணியால் அறியலாம். பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸ். அது நுண்ணுயிர்களுக்கு உணவு. 2021-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் அக்ரோஸ்கோப் என்னும் அரசு ஆராய்ச்சி நிலையமும் சூரிச் பல்கலைக்கழகமும் இம்முறையில் ஒரு பெரிய சோதனை நடத்தின. ஆயிரம் பேருக்குத் தலா இரண்டு பருத்தி உள்ளாடைகளை அளித்து மண்ணில் புதைக்கச் செய்தனர். வேடிக்கையாகத் தோன்றினும், மண்ணின் உயிர்ப்பை நாடெங்கும் அளக்க அது எளிய வழியாயிற்று.

நமக்கு உள்ளாடை வேண்டுவதில்லை. ஒரு முழம் காடாத் துணி போதும். கலப்பு நூல் கூடாது. பாலியெஸ்டர் மண்ணில் மக்காது. கஞ்சி போகும்படி வெந்நீரில் நன்கு அலச வேண்டும். இல்லையேல் நுண்ணுயிர்கள் முதலில் கஞ்சியைத் தின்னும், கணக்குப் பிழைக்கும். ஒரே துணியில் ஐந்து துண்டுகள் வெட்டி, இரண்டு வயல்களிலும் இரண்டிரண்டாகச் சுமார் 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து முளையடித்து, எஞ்சிய ஒன்றை வீட்டில் வைத்துக் கொள்க. மண்ணில் ஈரம் இருத்தல் அவசியம். இரண்டு வாரத்தில் வயலுக்கு ஒன்றையும், ஒரு மாதத்தில் மற்றதையும் எடுத்து அலசி உலர்த்தி, நிறுத்துப் பார்க்கலாம், இழுத்தும் பார்க்கலாம். இழையின் வலுவை விரலாலேயே அறியும் நெசவாளரைவிட இதற்குத் தகுதியானவர் யார்? கறையான் மண் அப்பியிருந்தால் மட்டும் அத்துண்டைத் தள்ளிவிட வேண்டும்.

இருதரப்புக் கடமைகள்

மாணவரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. கல்லூரியின் கடிதம் கொண்டு வர வேண்டும். தோண்டிய குழியை மூட வேண்டும். கண்ட முடிவைத் தமிழில் எழுதி நிலத்துக்குரியவரிடம் அளிக்க வேண்டும். மூன்றாவதை வற்புறுத்திக் கேளுங்கள். முடிவு கல்லூரி அலமாரியில் தங்கிவிடுமாயின், வயலுக்கு அதனால் பயனில்லை.

நம் கடமையும் ஒன்று உண்டு. என்ன உரம் இட்டோம், எந்த மருந்தை எத்தனை முறை தெளித்தோம் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி கூற வேண்டும். கூச்சத்தால் ஒரு தெளிப்பை மறைத்தால், மாணவரின் இரண்டு மாத உழைப்பும் பொய்க் கணக்காகிவிடும். அக்கணக்கை நம்பி நாமே தவறான வழியில் செல்வோம்.

ஆகவே அடுத்த கோடையில் மாணவர் வந்து கேட்டால், குழிக்கு இடங்கொடுங்கள். கூடவே உட்கார்ந்து எண்ணுங்கள். அவர் வராவிடினும் காடாத் துண்டுகள் கையில் உண்டு. மண் ஈரமாயிருக்கும் நாளில் புதைத்து, கண்டதைச் சங்கக் கூட்டத்தில் மற்றவருக்கும் கூறுங்கள்.