முகமா, முறையா?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் இரு மாணவர்கள் வாதிட்டனர்: சென்னையின் எஃப்.சி. அணியின் தோல்விக்குப் பயிற்சியாளரின் சிடுசிடுப்பு காரணமா, தாக்குதல் வியூகம் காரணமா?

கண்ணுக்குத் தெரிவதையே காரணமாகக் கொள்வது மனித இயல்பு. ஜான் கிரகோரி 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றார், அடுத்த பருவத்தில் அவரது அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது. மனிதர் அவரேதான்.

2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். பெரும்பாலும் அதே வீரர்கள். ஆனால் ஆட்டம் தாக்குதலுக்கு மாறியது. அந்தப் பருவத்தில் வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்தார். அணி இறுதிப் போட்டியை எட்டி, ஏ.டி.கே.யிடம் 1-3 எனத் தோற்றது. அத்தோல்வியால் வியூகம் பிழையாகிவிடாது.

ஒரு பயிற்சியாளரை நீக்கக் கோருமுன் அவரது முகத்தையோ ஒற்றை முடிவையோ பார்க்க வேண்டாம். பல ஆட்டங்களில் அணி உருவாக்கிய கோல் வாய்ப்புகளை எண்ணுவோம்.