கரையோர ஏடுகளும் லேசர் ஒளிர்வு ஆய்வும்

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைத் தாக்கியபோது, வீடுகளோடு அங்கிருந்த எழுத்தாவணங்களும் அழிந்தன. எஞ்சியவற்றை எவ்வாறு பேணுவது என்ற வினா இன்றும் நம்முன் உள்ளது. காணி உறுதியாயினும் அரபுத்தமிழ்க் கையெழுத்தேடாயினும், மறுபிரதி இல்லாதவிடத்து, சோதனைக்கென அதில் ஓர் ஓரத்தை வெட்டுவதும் இழப்பேயாகும். வெட்டாமல் ஆராயும் வழிகளுள் ஒன்று லேசர் தூண்டிய ஒளிர்வு நிறமாலையியல்.

இதன் அடிப்படை எளிது. குறித்த அலைநீளமுடைய லேசர் ஒளி, எடுத்துக்காட்டாக 355 நனோமீற்றர் கழியூதா ஒளி, பொருளின் மேற்பரப்பிற் படுகின்றது. அதனை உறிஞ்சிய மூலக்கூறுகளின் இலத்திரன்கள் உயர்சத்தி நிலையை அடைந்து, பெரும்பாலும் சில நனோசெக்கன்களுள் மீளுகின்றன. மீளும்போது அவை வெளிவிடும் ஒளி, உறிஞ்சிய ஒளியினும் நீண்ட அலைநீளமுடையது. 1852இல் ஸ்டோக்ஸ் விளக்கிய இவ்வியல்பை, 1960இல் தோன்றிய லேசர் நுண்ணிய ஆய்வுக்கருவியாக்கியது.

பழைய காகிதம் இவ்வொளியில் மங்கிய நீலமாக ஒளிரும். இரும்பு மை எழுத்து ஒளிராது கருமையாகத் தோன்றும். எனவே கண்ணுக்கு மங்கிய வரிகளும் மீளத் தெரியக்கூடும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் காகிதத்திற் பரவலாகச் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிகள் பளிச்சென ஒளிர்வதால், பிற்காலத்தில் ஒட்டப்பட்ட தாளும் வெளிப்படும்.

ஆயினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. ஒளிர்வுப் பட்டைகள் அகன்றவை, ஒன்றன்மேலொன்று படிபவை. ஆதலின் ஒளிர்வை மட்டும் கொண்டு ஒரு மையின் பெயரைத் துணிந்து கூறல் தகாது. கடல்நீர் விட்டுச்சென்ற சோடியம் குளோரைட்டு இம்முறைக்கு நேரே புலப்படாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். லேசரின் செறிவு மிகுந்தால் சாயம் வெளிறும். ஆகவே ‘சேதமற்ற ஆய்வு’ என்பது கருவியின் இயல்பு மட்டுமன்று. அதனைக் கையாள்வோரின் கட்டுப்பாடுமாகும்.

சுவீடனின் லுண்ட் பேராலயச் சுவர்களைத் தொலைவிலிருந்தே இம்முறையில் ஆராய்ந்துள்ளனர். ஏட்டுக்கு அத்தொலைவு வேண்டியதில்லை. கருவியை எடுத்துச் செல்லும் வசதியே வேண்டும். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகின்றது. இப்பிரதேசத்து ஏடுகள் ஆய்வுக்கெனத் தலைநகர் சென்று திரும்பாதொழிவதினும், கருவி ஏட்டிருக்கும் இல்லத்தை நாடி வருவதே முறை. அவ்வாறு செய்யின், ஆய்வின் பயனோடு ஏடும் அதன் உரியவரிடமே நிலைக்கும்.