உங்களுக்குத் தெரியுமா? ‘ஸ’ போய் ‘ஹ’ வந்த கதை

வவுனியாச் சந்தையில் சிங்கள வியாபாரி ஏழு என்பதை ‘ஹத’ என்கிறார். பழங்கிரேக்கர் ‘ஹெப்தா’ என்றார்கள். பாரசீகர் ‘ஹஃப்த்’ என்கிறார்கள். மூன்றுக்கும் மூதாதை ஒரே சொல். அதன் முதல் ஒலி ‘ஸ’. ஒன்றையொன்று பாராமலே மூன்று மொழிகளும் அதை ‘ஹ’ ஆக்கிவிட்டன!

• சமஸ்கிருத ‘ஸப்த’, இலத்தீன் ‘செப்டெம்’ இரண்டும் பழைய ஒலியைக் காத்தன. செப்டெம்பர், உரோமரின் ஆதி நாட்காட்டியில் ஏழாம் மாதம்.

• சூரியனுக்கும் அதே கதி: சிங்களத்தில் ‘ஹிரு’, கிரேக்கத்தில் ‘ஹேலியோஸ்’. ஹீலியம் வாயுவின் பெயர் அதிலிருந்தே வந்தது.

• சிங்களத்தில் மாறியது ‘ஸ’ மட்டுமல்ல. சமஸ்கிருதத்தின் மூச்சொலி மெய்களுக்குச் சிங்களத்தில் இன்றும் எழுத்துண்டு; பேச்சில் அந்த மூச்சு இல்லை. தமிழோடு நெடுங்காலம் பழகியதன் விளைவு இது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. மதவாச்சிப் பக்கம் இரு மொழியும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை நம்புவது கடினமல்ல.