மூத்த மகன்களின் நாடு

குடும்பங்களின் வரலாறு – 9

ஜப்பானின் 1898-ஆம் ஆண்டு சிவில் சட்டம் குடும்பத் தலைவனுக்குக் கொடுத்திருந்த அதிகாரங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். வீட்டில் யார் யாரைக் கட்டிக்கொள்வது, யார் எங்கே குடியிருப்பது என்பதுவரை அவன் சம்மதம் வேண்டியிருந்தது. தலைமையும் சொத்தும் சேர்ந்தே மூத்த மகனுக்குப் போயின. 'இயெ' எனப்பட்ட அந்த வீட்டு முறையை, போரில் தோற்றபின் வந்த அரசியல் சாசனமும் 1947-இல் திருத்தப்பட்ட சிவில் சட்டமும் ஒழித்துக்கட்டின. பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்கு, திருமணத்துக்கு மணமக்கள் இருவரின் சம்மதமே போதும் என்றாயிற்று. இன்று அங்கே ஏறக்குறைய பத்தில் நான்கு வீடுகளில் ஒருவர் தனியாக வசிக்கிறார். சட்டம் குடும்பத்தை உடைத்தது, மேற்கத்திய எண்ணங்கள் மிச்சத்தை முடித்தன என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். பழமையை விரும்பும் ஜப்பானியர் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பழைய வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது உடன்பிறந்தோரின் எண்ணிக்கை. அது குறைந்தபோதுதான் வீடும் நிற்க முடியாமல் போனது.

சட்டம்தான் காரணம் என்றால் 1950-களிலேயே வீடுகள் பிரிந்திருக்க வேண்டும். ஆனால் பழைய சட்டம் போய் ஒரு தலைமுறை கழிந்த 1980-இல்கூட, 65 வயது கடந்தவர்கள் இருந்த வீடுகளில் பாதி, மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்த வீடுகள். 2022-இல் அது ஏறக்குறைய 7 சதவீதம். இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. சமூகவியலாளர் தோதா தெய்சோ 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்தார். மூத்த மகன் முறை சட்டமாகவே இருந்த காலம் அது. அப்போதே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கணவன் மனைவியோ, பெற்றோரும் பிள்ளைகளுமோ மட்டுமே இருந்தார்கள். ஆக, சட்டம் வற்புறுத்திய காலத்தில் சிறு குடும்பம் பெருகியிருந்தது; சட்டம் கைவிட்ட பிறகும் பெரிய குடும்பம் நீண்ட காலம் நிலைத்தது.

இந்தப் புதிரை விடுவித்தவர் ஒச்சியாய் எமிகோ என்ற சமூகவியலாளர். 1925-க்கும் 1950-க்கும் இடையில் பிறந்த தலைமுறையை அவர் தனியே எடுத்துப் பார்த்தார். அதற்கு முன்பெல்லாம் நிறையப் பிள்ளைகள் பிறந்தார்கள், நிறையப் பேர் இறந்தும் போனார்கள். இந்தத் தலைமுறையில் நிறையப் பேர் பிறந்து, பெரும்பாலோர் பிழைத்தும் வளர்ந்தார்கள். வீட்டுக்கு நான்கைந்து பேர். அவர்களில் மூத்தவன் நிலத்தோடும் பெற்றோரோடும் ஊரில் இருந்தான். இளையவர்கள் நகரத்துக்குப் போனார்கள். நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து தோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு ஏற்றி வந்த தனி ரயில்கள் அந்தக் காலத்தின் அடையாளம். 1955-இல் தொடங்கிய அரசு வீட்டுவசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் தனிக்குடித்தனம் நடத்தியவர்கள் பெரும்பாலும் இந்தத் தம்பி தங்கைகள்தான். அவர்கள் பெற்றோரைத் தவிக்கவிட்டுப் போகவில்லை. ஊரில் அண்ணன் இருந்தான், அண்ணி இருந்தாள். மூன்று தலைமுறை வீடுகளின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் பெரிதாகக் குறையவில்லை. நகரத்தில் புதுவீடுகள் பெருகியதால் மொத்தத்தில் அவற்றின் பங்குதான் சுருங்கியது. பழைய குடும்பமும் புதிய குடும்பமும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே வாழ்ந்த அபூர்வமான காலம் அது. அண்ணன் தம்பிகள் போதுமான அளவு இருந்ததால் மட்டுமே அது நடந்தது.

அதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிட்டது. 1947-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.54 பிள்ளைகள், 1957-இல் 2.04. பத்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே. போருக்குப் பிந்தைய வறுமையும் 1948-இல் கருக்கலைப்புக்குக் கிடைத்த சட்ட அனுமதியும் இதை விரைவுபடுத்தின. வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நான்கில் ஒரு வீட்டில் ஆண் பிள்ளையே இருக்காது. பிறக்கும் ஆண் பிள்ளைகளில் நான்கில் மூவர் மூத்த மகன்கள். வாரிசு இல்லாத வீடுகளுக்கு முன்பு ஒரு வழி இருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, அவரையே தத்து மகனாக்கிக் குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். மாருதி கார் வழியாக நமக்கு அறிமுகமான ஒசாமு சுஸுகி அப்படி வந்தவர்தான். நிறுவனரின் பேத்தியை மணந்து, தன் பிறந்த வீட்டுப் பெயரான மட்சுதாவை விட்டு சுஸுகி ஆனார். இந்த வழிக்கு இன்னொரு வீட்டில் விட்டுக்கொடுக்கக்கூடிய மகன் ஒருவன் வேண்டும். எல்லாரும் மூத்த மகன்களாகிவிட்ட தலைமுறையில் அவனை எங்கே தேடுவது?

ஆட்சியாளர்கள் இதைக் காணவில்லை. முதியோர் பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்வது நாட்டின் மறைமுகச் சொத்து என்று 1978-ஆம் ஆண்டின் சுகாதார நல அமைச்சக வெள்ளை அறிக்கை எழுதியது. பண்பாடு இருக்கும்வரை அந்தச் சொத்தும் இருக்கும் என்று நம்பினார்கள். உண்மையில் அது நான்கு பிள்ளை பெற்ற தாய்மார்கள் விட்டுப்போன இருப்பு, தீர்ந்துகொண்டிருந்தது. அந்த இருப்பைத் தினமும் உழைத்துக் கொடுத்தவள் மருமகள். நினைவு தடுமாறிய மாமனாரைப் பராமரிக்கும் மருமகளைப் பற்றி அரியோஷி சவாக்கோ எழுதிய நாவல் 1972-இலேயே லட்சக்கணக்கில் விற்றது. அமைச்சகத்துக்குத் தெரியாதது வாசகிகளுக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் வேலைக்குப் போனதால்தான் வீடு குலைந்தது என்ற வாதம் அங்கும் பலமாக ஒலிக்கிறது. ஆனால் ஜப்பானியப் பெண்கள் மிகக் குறைவாக வேலைக்குப் போன ஆண்டு 1975. வயலிலும் கடையிலும் உழைத்த பாட்டிகளின் பேத்திகள்தான் முழுநேர இல்லத்தரசிகள் ஆனார்கள். இன்னும் வலுவான மறுப்பு வரைபடத்தில் இருக்கிறது. மூன்று தலைமுறை வீடுகள் இன்றும் அதிகமாக எஞ்சியிருக்கும் யாமகட்டா, ஃபுகுயி மாநிலங்களில்தான் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளும் அதிகம். அங்கே பாட்டி பேரனைப் பார்த்துக்கொள்கிறாள், தாய் வேலைக்குப் போகிறாள்.

வசதி வந்ததால் பிரிந்தார்கள் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. 1961-இல் எல்லாருக்குமான ஓய்வூதியம் வந்தது. கையில் பணம் இருக்கும் முதியோர் பலர் தனியே இருக்கவே விரும்புகிறார்கள். அது நல்லதென்றே நினைக்கிறேன். இன்னொரு கேள்விக்கு என் வாதம் முழுப் பதில் ஆகாது: மணமே செய்துகொள்ளாதவர்கள். 1980-இல் ஐம்பது வயதுவரை மணமாகாத ஆண்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. 2020-இல் 28 சதவீதம். உடன்பிறந்தோர் கணக்கு இதை விளக்காது. 1990-களின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் நிரந்தர வேலை கிடைக்காமல் போன இளைஞர்களைப் பற்றித் தனியே பேச வேண்டும்.

கணக்கு மாறியதை ஜப்பான் ஏற்றுக்கொண்டது 2000 ஏப்ரலில் தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில். நாற்பது வயதை எட்டியவர்கள் அனைவரும் சந்தா கட்டுகிறார்கள். வீட்டில் மகன் இருக்கிறானா, மருமகள் இருக்கிறாளா என்று பார்க்காமல், முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை மட்டும் அளந்து சேவை தருகிறார்கள். ஜெர்மனியைப் போலக் குடும்பத்தார் கையில் பணம் கொடுக்கும் யோசனையைப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அந்தப் பணம் மருமகளை மறுபடியும் கட்டிலருகே கட்டிப்போடும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அப்படியும் பெற்றோரையோ துணையையோ பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். சுமையைப் பிரித்துக்கொள்ள அண்ணனும் இல்லை, தங்கையும் இல்லை.

தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு 1.4 பிள்ளைகள். இங்கே முதியோருக்காக நம்மிடம் இருக்கும் முக்கியச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதத்தொகை கேட்கலாம் என்கிறது. தொகையைப் பிள்ளைகள் மூவரோ நால்வரோ பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். தன் பெற்றோர், துணையின் பெற்றோர் என நால்வரைப் பார்க்க வேண்டிய ஒற்றைப் பிள்ளையிடம், எவ்வளவு மனம் இருந்தாலும், அந்தச் சட்டத்தால் எதை வாங்கிக் கொடுக்க முடியும்?

(தொடரும்)