பண்டிகைக்கு அப்பா வராத வீடு

வேலூர் பக்கம் ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிவிட்ட கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் ஐப்பசி பிறந்துவிட்டால் தெருவுக்குத் தெரு ஒரே கேள்வி: “உங்க வீட்டுக்காரருக்கு லீவு கெடைச்சுதா?” கேட்பவர் அக்கறையாகத்தான் கேட்கிறார். ஆனால் இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என ரேஷன் கடையில் நிற்கிற பெண் அதே பதிலை அன்றைக்கு எத்தனையாவது முறையாகச் சொல்கிறாளோ. கையைப் பிடித்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளை அந்தப் பதிலை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே நிற்கிறது.

பட்டாளத்துக் குடும்பங்களுக்குப் பிரிவு புதிதல்ல. சாதாரண நாட்களில் அந்த வீடுகள் அழகாகவே ஓடும். பண்டிகை வந்தால்தான் எல்லாம் கலைகிறது. தூக்கம் கெடுகிறது, சாப்பாட்டு நேரம் மாறுகிறது, எதிர்வீட்டு அப்பா மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மத்தாப்பு கொளுத்துகிறார். தீபாவளி முதல் பொங்கல் வரையிலான இந்தக் காலத்தை, சின்னப் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தாய் எப்படி உடம்பும் மனசும் கெடாமல் கடப்பது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

தேதி சொல்லாதீர்கள்

ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். கணக்கில் தாராளம்தான். ஆனால் ஒரு யூனிட்டிலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் கிளம்பலாம் என்று வரம்பு உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் தமிழர் எல்லோருக்கும் பொங்கல் வேண்டும், மலையாளிகள் எல்லோருக்கும் ஓணம் வேண்டும். முறை வைத்துத்தான் அனுப்ப முடியும். முறை வந்தாலும் வானம் விட வேண்டும். குளிர்காலத்தில் சோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொண்டால் லடாக்கிலிருந்து விமானத்தில்தான் இறங்க வேண்டும். வானிலை மோசமானால் அந்த விமானமும் பறக்காது. “இருபதாம் தேதி வந்துடுவேன்” என்று போனில் சொன்னவர் இருபத்தாறாம் தேதியும் லேயில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்.

பெரியவர்களுக்கு இது புரியும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ‘இன்னும் ஒரு மாசம்’ என்பதே புரியாது, தள்ளிப்போவது எப்படிப் புரியும்? சொன்ன நாளில் அப்பா வரவில்லை என்பது மட்டும் பதிந்துவிடும். அதனால் அவர் சென்னைக்கோ காட்பாடிக்கோ வந்து இறங்கிய பிறகு சொன்னால் போதும்.

வெளிநாட்டு ராணுவக் குடும்பங்களுக்கான கையேடுகளில், காகிதச் சங்கிலி செய்து நாளுக்கொரு வளையமாகப் பிரித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். திரும்பும் நாள் ஓரளவு உறுதியாக இருந்தால் அது நல்ல யோசனைதான். நமக்குச் சரிப்படாது. சங்கிலி தீர்ந்த அன்று அப்பா வராவிட்டால், அந்த ராத்திரியைச் சமாளிப்பது பெரும்பாடு. மாறாக, கடந்த நாட்களை எண்ணலாம். தினமும் படுக்கப் போகும் முன் ஒரு டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடட்டும். போடும்போது, “இன்னிக்கு நடந்ததுல அப்பாகிட்ட எதைச் சொல்லப் போற?” என்று கேளுங்கள். டப்பா நிறைய நிறைய, சொல்வதற்குச் சேர்ந்துகொண்டே போகும். இதில் ஏமாற இடமில்லை.

பிள்ளையின் துக்கம் உடம்பில் தெரியும்

“அப்பாவை நினைச்சு அழுறானா?” என்றால் பல தாய்மார்கள் இல்லை என்பார்கள். ஆனால் சொல்லிக்கொண்டே போவார்கள்: பாத்ரூம் போகப் பழகிய பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், எப்போதோ விட்ட விரல் சப்பல் திரும்பிவிட்டது, பால்வாடி வாசலில் முந்தானையை விட மாட்டேன் என்கிறான், காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான், மத்தியானம் விளையாடுகிறான், தங்கச்சியை அடிக்கிறான். இவை எல்லாமே அழுகைதான். அந்த வயதில் ஏக்கத்தைச் சொல்ல வார்த்தை கிடையாது, உடம்புதான் பேசும்.

அமெரிக்க மரைன் படை வீரர்களின் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. தந்தையோ தாயோ களத்தில் இருந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அந்த வயதில்தான் இல்லாதவரை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரிகிறது, ஏன் இல்லை என்று விளங்கிக்கொள்ளத் தெரிவதில்லை. விளங்காத இடத்தைக் குழந்தை தானே நிரப்பிக்கொள்ளும், பெரும்பாலும் தன்மேல் பழி போட்டு: நான் அடம் பிடித்தேன், அதனால்தான் அப்பா போய்விட்டார்.

இந்த நினைப்புக்கு வீட்டுப் பெரியவர்களே நெய் ஊற்றுகிறார்கள். “அழுதா அப்பா வர மாட்டாரு” என்பதைவிடக் கெட்ட வாக்கியம் இந்த வீடுகளில் வேறு இல்லை. நல்ல எண்ணத்தோடு, சாதம் ஊட்டும் அவசரத்தில் சொல்வதுதான். பிள்ளை அதை அப்படியே நம்பும். இன்னொன்று, “இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பளை.” நான்கு வயதில் அவன் எதைத் தாங்குவான்? இரண்டையும் மாமியாரிடமோ அம்மாவிடமோ தன்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது சின்னது: “அப்பாவுக்கு வேலை. வேலை முடிஞ்சதும் வருவாரு. நீ செஞ்ச எதனாலயும் அவர் போகல.” இதை ஒருமுறை சொன்னால் போதாது, கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

படுக்கை நனைத்தால் திட்டாமல் துணி மாற்றுங்கள், அவ்வளவே. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளைப் பிள்ளை இழக்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அதை ஏக்கம் என்று விட்டுவிடாமல் உடனே போக வேண்டும்.

வீடியோ கால் ஏன் சொதப்புகிறது

வாரக்கணக்கில் சிக்னல் இல்லாத போஸ்டிலிருந்து கீழே இறங்கி, ஆசை ஆசையாய்க் கூப்பிடுவார். மகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். “அப்பாவுக்கு முத்தம் குடு, குடு” என்று நாம் போனை அவள் முகத்தருகே நீட்டுவோம். அவள் வீல் என்று கத்துவாள். மறுமுனையில் அவர் முகம் வாடிவிடும்.

மூன்று வயதுக்குக் கீழே யாரும் போனில் உரையாட மாட்டார்கள். அவளைப் பேச வைக்க வேண்டாம். போனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அவள் இட்லி சாப்பிடுவதை அவர் பார்க்கட்டும். அவர் பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும். குரல் போய்ச் சேர்ந்தால் சரி. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே, உறவினரோடு பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்குத் தருகிறது.

இதைவிடப் பலன் தருவது, மேலே போகும் முன்பே அவர் பதிவு செய்துவிட்டுப் போகும் குரல். பிள்ளையின் பெயர் வருகிற கதை ஒன்று, தூங்க வைக்கும் பாட்டு ஒன்று. அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனம் 1989 முதல் இதையே வேலையாகச் செய்கிறது. களத்திலிருக்கும் பெற்றோர் கதை வாசிப்பதைப் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்புகிறது. நமக்கு வாட்ஸ்அப்பே போதும். சிக்னல் இல்லாத நாளிலும் ராத்திரி எட்டரைக்கு அப்பா குரல் கேட்கும்.

போன் திரை இருக்கட்டும், டிவிச் செய்தியை நிறுத்துங்கள். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், பள்ளிகள் கோடை விடுமுறையில் இருந்தன. பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில், டிவியும் நாள் முழுக்க அலறியது. அப்போது சில சேனல்களில் ஓடிய செய்திகளில் எத்தனையோ பிறகு பொய் என்று ஆயின. நீங்கள் காலையும் மாலையும் செல்போனில் தலைப்புகளைப் படித்துக்கொண்டால் போதும். சைரன் சத்தத்தோடு ஓடும் படங்களைச் சின்னப் பிள்ளை பார்க்கக் கூடாது. ஒரே குண்டுவெடிப்பைப் பத்துமுறை காட்டினால் அது பத்துக் குண்டு என்றுதான் நினைக்கும்.

அடுப்படியும் பட்டாசும்

தனியாக இருக்கும் வீட்டில் பலகாரம் சுடுவது ஆபத்தான வேலை. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, முறுக்குப் பிழியும் கை, காலைக் கட்டிக்கொள்ளும் ஒன்றரை வயது. பிள்ளையைப் பிடிக்க இன்னொருவர் இல்லையென்றால் சுடாதீர்கள். கடையில் வாங்குங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும். கடலை, கெட்டிச் சீடை போன்றவை சின்னப் பிள்ளைகளுக்குப் புரையேறி மூச்சை அடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுட்டுக்கொண்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். முகம், கை, பிறப்புறுப்பு என்றாலோ, காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதென்றாலோ நேரே மருத்துவமனை, வண்டிக்கு 108.

தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. இதை வைத்து அன்றைய நாளைத் திட்டமிடலாம். 3, 4 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் தேவை. முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருந்து, விடியுமுன் எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பப்பட்ட பிள்ளை, பகல் முழுக்க எதற்கெடுத்தாலும் அழும். அதை ‘அப்பா இல்லாத ஏக்கம்’ என்று எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். பாதி ஏக்கம், பாதி தூக்கம்.

அவசரத்தில் தேடாமல் இருக்க, டிபெண்டெண்ட் கார்டு, தடுப்பூசி அட்டை, அவருடைய ராணுவ எண்ணும் யூனிட் முகவரியும் எழுதிய தாள், ராத்திரி எந்நேரமும் கூப்பிடக்கூடிய ஒருவரின் எண் — இவை ஒரே பையில் கதவருகே தொங்கட்டும்.

அம்மாவின் உடம்பு

பிள்ளை மிச்சம் வைத்ததுதான் பல தாய்மார்களின் மதியச் சாப்பாடு. பண்டிகை நாளில் அதுவும் மூன்று மணிக்கு. ‘எதிலும் மனசு ஒட்டவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது’ என்றால் அதை அவர் நினைப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், தைராய்டையும் பார்ப்பது நல்லது.

மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாகத் தினமும் துக்கம், தூக்கமின்மை, எதற்கும் நான் லாயக்கில்லை என்ற எண்ணம், பிள்ளை மேல் தாங்க முடியாத எரிச்சல் இருந்தால் மருத்துவ உதவி தேவை. பிரசவமாகி ஓராண்டுக்குள் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் பிரசவித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம். முப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் 2023 டிசம்பரில் இதில் தனிப் பிரிவே திறந்தார்கள். சாக வேண்டும் போல் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும். சம்பளம், ஆவணம், நிலத் தகராறு போன்ற தலைவலிகளுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். பெயரில் ‘முன்னாள்’ இருந்தாலும் பணியில் இருப்பவர்களின் குடும்பத்தையும் அவர்கள் கவனிப்பார்கள்.

உறவுக்காரர் உதவ வந்தால், “ஒண்ணும் வேணாங்க” என்று சொல்லிப் பழகிவிட்டோம். குறிப்பாகக் கேளுங்கள்: “அண்ணி, சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் பாப்பாவைப் பாத்துக்கிறீங்களா? நான் கொஞ்சம் தூங்கணும்.” எல்லா வீட்டு விருந்துக்கும் போயாக வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகளோடு ஒரு பாயாசம், நான்கு மத்தாப்பு, சீக்கிரம் தூக்கம் என்றும் ஒரு தீபாவளி இருக்கலாம்.

அவர் வந்த பிறகு

பொங்கல் முடிந்து, கரும்பெல்லாம் காய்ந்த பிறகு தை மாதக் கடைசியில் வருவார். கைநீட்டித் தூக்கப் போனால் பதினைந்து மாதக் குழந்தை அலறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வேற்று முகம் கண்டு பயப்படும் வயது அது. கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள், “அப்பனையே தெரியலையே” என்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. அவர் தரையில் உட்கார்ந்து எதையாவது உருட்டிக்கொண்டிருக்கட்டும். குழந்தை தானாக வரும். சிலதுக்கு ஒரு மணி நேரம், சிலதுக்கு ஒரு வாரம்.

பெரிய பிள்ளையோடு தகராறு படுக்கையில் வரும். இத்தனை மாதமும் அம்மா பக்கத்தில் படுத்தவனை, வந்த அன்றே பாட்டியிடம் அனுப்பினால் அவன் யாரை வெறுப்பான்? சில நாள் பொறுத்து மெல்ல மாற்றலாம். கண்டிக்கும் வேலையையும் முதல் இரண்டு வாரம் அம்மாவிடமே விட்டுவிட்டு, விளையாட்டைத் தந்தை எடுத்துக்கொள்வது நல்லது. அவருக்கும் தூக்கம் ஒழுங்காக வராமல் இருக்கலாம், சட்டென்ற சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடலாம். வாரங்கள் கடந்தும் குறையாவிட்டால் அதே 14416 அவருக்கும் உண்டு.

கிளம்பும் நாள் பற்றி ஒன்று. ராத்திரி ரயில் என்றால், ‘தூங்கும்போதே கிளம்பிடலாம், அழ மாட்டான்’ என்று வீடே சேர்ந்து திட்டம் போடும். பிள்ளை அப்போது அழாதுதான். மறுநாளிலிருந்து தூங்கப் பயப்படும். கண்ணை மூடினால் யாராவது போய்விடுவார்கள் என்று தெரிந்துகொண்டதல்லவா. முதல் நாள் பகலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டி அடுக்கும்போது பனியனை எடுத்துக் கொடுக்கட்டும். வாசல்வரை தூக்கிக்கொண்டு போய், முத்தம் கொடுத்து, “போயிட்டு வரேன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தந்தை ஆட்டோ ஏறட்டும். பிள்ளை அழுதால் அழட்டும், அம்மா தூக்கி வைத்துக்கொள்ளலாம்.