டாக்டர்கள் பெருகிவிட்டார்கள்; தோட்டத்துப் பக்கம் ஏன் நிலைப்பதில்லை?

மருத்துவம் படித்த பிள்ளைக்கு சபாவிலோ சரவாக்கிலோ வேலை என்று தகவல் வந்தால், நம் வீடுகள் பலவற்றில் துக்க வீடு போல ஆகிவிடுகிறது. "இவ்வளவு செலவு பண்ணி படிக்க வச்சது காட்டுல கொண்டு போய் விடவா?" என்று அம்மா கலங்குகிறார். மாற்றல் வாங்கித் தரக்கூடிய அரசியல் பிரமுகர் யார் என்று அப்பா விசாரிக்கத் தொடங்குகிறார். அதே குடும்பத்தில், இன்னும் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கும் பாட்டிக்கு வேறு குறை. "கிளினிக்குக்குப் போனா ஒவ்வொரு தடவையும் புது டாக்டர். என் சீக்க முதல்லேர்ந்து சொல்ல வேண்டியிருக்கு" என்கிறார்.

அம்மாவின் கவலைக்கும் பாட்டியின் குறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மருத்துவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், எங்கே வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம், பிறகு எந்த நிபந்தனையில் அனுப்புகிறோம் என்பதைப் பார்த்தால் அது புரியும்.

நாட்டில் டாக்டர்களே இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஏறக்குறைய 400 முதல் 500 பேருக்கு ஒரு மருத்துவர் என்ற நிலைக்கு மலேசியா வந்துவிட்டது. ஆனால் இது சராசரிக் கணக்கு. கோலாலம்பூரில் ஒரே வரிசைக் கடைகளில் மூன்று தனியார் கிளினிக்குகள் இருக்கும். சபாவின் உட்பகுதியில் ஒரு மருத்துவரைப் பார்க்க அரை நாள் பயணம் போக வேண்டியிருக்கும். தீபகற்பத்திலும் ஜெராண்டூட், குவா மூசாங், பாலிங் போன்ற இடங்களின் உட்புறத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி எங்கே போனது?

நம்மவர்களின் கதையைக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பு. மலேரியாவில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததால், பால் வெட்ட ஆள் இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் தோட்ட ஆஸ்பத்திரிகள் பெருகின. கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் 1901 முதல் நடத்திய மலேரியா ஒழிப்பு வேலை, பிறகு தோட்டங்களுக்கும் பரவியது.

தோட்டங்களில் டாக்டர் அன்றாடம் இருந்ததில்லை. குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள் எல்லாம் டிரசர்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, வெட்டுக் காயத்துக்குத் தையல் போடுவது, நடு ராத்திரியில் லாயத்துக்கு ஓடி வருவது எல்லாம் அவர் வேலை. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அவர்கள் எவ்வளவு முக்கியமாக இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்பது கணக்கு. 1970களில் இது இரண்டு அடுக்காக மாறியது. இன்று நாம் பார்க்கும் கிளினிக் கெசிஹாத்தானும் கிளினிக் டேசாவும் அப்படி வந்தவை. கம்பத்துப் பெண்களுக்கு இந்தத் திட்டம் பெரும் வரமாக அமைந்தது. 1950இல் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் 500க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1990களில் அது 50க்கும் கீழே வந்துவிட்டது. இந்தச் சாதனையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்று அந்தந்த ஊரிலேயே தங்கியிருந்த மருத்துவச்சிகளும் தாதிகளும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆனால் அந்தத் திட்டம் கம்பங்களை மனதில் வைத்துப் போட்டது. தோட்டம் தனியார் நிலம், அங்கே முதலாளி பார்த்துக்கொள்வார் என்று விடப்பட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. ஆட்கள் குறைந்ததும் தோட்ட ஆஸ்பத்திரி மூடப்பட்டது, டிரசரும் ஓய்வு பெற்றுப் போனார். மிச்சம் இருந்தவர்கள் பேருந்து வராத ஒரு சாலையின் முனையில் நின்றார்கள். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அங்கே போய்வர வாடகைக் காருக்குக் கொடுப்பதும், அன்றைக்கு இழக்கும் சம்பளமும் அந்த ஒரு வெள்ளியில் சேராது.

ஐந்து ஆண்டுப் படிப்பு, அப்புறம்?

மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டுகள். முடித்ததும் அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். இதை ஹவுஸ்மேன்ஷிப் என்கிறோம். முன்பு இது ஓராண்டாக இருந்தது, 2008 முதல் இரண்டு ஆண்டாகியது. ஆறு துறைகள், ஒவ்வொன்றிலும் நான்கு மாதம். மருத்துவம், அறுவைச் சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு என்று போகும். அதன் பிறகு கட்டாய அரசாங்கச் சேவை. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் இதைச் சொல்கிறது.

கிராமங்களுக்கு டாக்டர்களை அனுப்ப அரசாங்கத்தின் கையில் இருந்த முக்கியக் கருவியே இந்தக் கட்டாயச் சேவைதான். டாக்டர்கள் குறைவாக இருந்த காலத்தில் அது ஓரளவு வேலை செய்தது. சேவையில் சேர்ந்தால் நிரந்தர வேலை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இரண்டு மூன்று வருடம் வெளியூரில் கஷ்டப்பட்டாலும் பின்னால் பலன் வரும் என்று தெரிந்ததால் போனார்கள்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மருத்துவக் கல்லூரிகள் மளமளவென்று பெருகின. உள்நாட்டில் 30க்கும் மேல். போதாததற்கு ரஷ்யா, உக்ரேன், இந்தோனேசியா, இந்தியா, எகிப்து என்று வெளிநாடுகளிலும் பிள்ளைகள் படித்தார்கள். நம் சமுதாயம் இதில் முன்வரிசையில் நின்றது. கெடா, செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்ததே நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற ஏக்கத்திலிருந்துதான். வீட்டை அடகு வைத்து, இபிஎப் பணத்தை எடுத்து, நகையை விற்றுப் படிக்க வைத்த தோட்டத்துப் பெற்றோர் எத்தனையோ பேர்.

டாக்டர்கள் வெள்ளமாக வந்தபோது அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மருத்துவமனைகளில் இடம் போதவில்லை. புதிய மருத்துவப் படிப்புகளுக்கு 2011இல் அரசாங்கம் தடை போட்டது. அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. நிரந்தரப் பணியிடங்களும் போதாமல் போக, 2016 டிசம்பரில் ஒப்பந்த முறை வந்தது. புதிதாகச் சேர்பவர்கள் ஒப்பந்த மருத்துவர்கள். பயிற்சி முடியும், கட்டாயச் சேவை முடியும், அதன் பிறகு என்ன என்பதற்கு உறுதி கிடையாது. நிரந்தரப் பணியில் இருப்பவருக்குக் கிடைக்கும் சம்பளத்தோடு கூடிய மேற்படிப்பு விடுப்பு போன்ற வாய்ப்புகளிலும் ஒப்பந்தக்காரர்கள் பின்தங்கினார்கள். கோவிட் உச்சத்தில் இருந்தபோது, 2021 ஜூலை 26ஆம் தேதி, நாடு முழுக்க ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றது இதனால்தான். பிறகு பல ஆயிரம் நிரந்தர இடங்கள் படிப்படியாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அதற்குள் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் போனவர்கள் போய்விட்டார்கள்.

இது கிராமத்தை எப்படிப் பாதிக்கிறது? ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். எதிர்காலம் தெரியவில்லை, நிபுணராக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நிபுணராக ஒரு வழி, நான்காண்டு முதுநிலைப் படிப்பு. இன்னொன்று எம்.ஆர்.சி.பி. போன்ற வெளிநாட்டுத் தேர்வுகளை எழுதிக்கொண்டே இங்கே பயிற்சி பெறும் இணைவழி. அந்தத் தகுதிகளை அங்கீகரிப்பதில் ஏற்பட்ட சட்டச் சிக்கலைத் தீர்க்க 2024இல் மருத்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். எந்த வழியில் போனாலும் மேற்பார்வைக்கு நிபுணர்கள் வேண்டும், அவர்கள் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறார்கள். உட்பகுதிக்குப் போனால் சக மாணவர்கள் நம்மை முந்திவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நிரந்தர நியமனம் கிடைத்தும் இடம் பிடிக்காமல் மறுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே, "இன்றைய பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை" என்று பெரியவர்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்க மாட்டேன். கட்டாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டாயத்துக்குப் பின்னால் இருந்த பலனை எடுத்துவிட்டோம். அப்புறம் ஆள் நிற்கவில்லை என்று குறைப்படுகிறோம்.

பாட்டிக்கு ஏன் ஒரே டாக்டர் வேண்டும்?

பழைய கால நோய்கள் வேறு. மலேரியா, வயிற்றுப்போக்கு, பிரசவம் ஆகியவற்றில் வந்து பார்த்துவிட்டுப் போகிற டாக்டரும் உயிரைக் காப்பாற்றலாம். இன்று நம்மவர்களைத் தின்பது நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கலாம் என்று தெரிந்தது. இந்தியர்களிடையே அது பத்தில் மூவர் என்ற அளவில் இருந்தது.

நீரிழிவுக்கு ஒரு முறை மருந்து எழுதிக் கொடுத்தால் வேலை முடியாது. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறுகிறதா, காலில் புண் இருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் "சாப்பிடுறேன் டாக்டர்" என்று சொல்கிறவரைக் கண்டுபிடிக்க, அவரை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் மாறும் கிளினிக்கில் இது நடக்காது. பிறகு அந்த நோயாளி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்காகப் பட்டணத்துக்கு ஓட வேண்டியிருக்கும். தோட்டத்திலிருந்து அப்படிப் போய்வருவது எவ்வளவு கொடுமை என்று அனுபவிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம், நாட்டின் 47 மாநிலங்களிலிருந்தும் மாநிலத்துக்கு இரண்டு மூன்று மாணவர்கள் என்று எடுக்கிறது. படிப்புச் செலவு கடனாகத் தரப்படும். சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, அங்கே அனுப்பும் இடங்களில் பொதுவாக ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தால் கடன் தள்ளுபடி. நமக்குப் பக்கத்திலேயே தாய்லாந்து 1994 முதல் கிராமத்து மாணவர்களைத் தனியாகச் சேர்த்து, முதல் மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழகத்திலும், அடுத்த மூன்று ஆண்டுகள் அவர்கள் வட்டாரத்து மருத்துவமனையிலும் படிக்க வைத்து, சொந்த ஊருக்கே அனுப்புகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே முதலில் சொல்கிறது: கிராமத்தில் பிறந்து வளர்ந்தவரைச் சேருங்கள், பட்டணத்துக்கு வெளியே படிக்க வையுங்கள், அவர்தான் பெரும்பாலும் திரும்பிப் போவார். அதோடு வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, மேற்படிப்பில் முன்னுரிமை ஆகியவற்றையும் பேசுகிறது. வெறும் படிக்காசு போதாது.

நம் நாட்டில் மருத்துவ இடம் பெரும்பாலும் மதிப்பெண்ணையும் பெற்றோரின் பணத்தையும் வைத்துத் தீர்மானமாகிறது. சுங்கை சிப்புட் தோட்டத்து மாணவிக்கும் பங்சார் மாணவிக்கும் அங்கே வித்தியாசம் இல்லை. உட்பகுதியில் மூன்று வருடம் நின்றவருக்கு நிபுணத்துவப் படிப்பில் இடத்தை உறுதி செய்தால், அந்தப் பயணம் தண்டனை போலத் தோன்றாது. ஊக்கத்தொகையைக் கூட்டுவதைவிட இது பலன் தரும் என்பது என் எண்ணம். தோட்டம் சூழ்ந்த மாவட்டங்களின் கிளினிக்குகளுக்குத் தமிழ் பேசும் மருத்துவரையும் தாதியையும் அனுப்புவதை ஒரு சலுகை என்று சொல்லக் கூடாது. "நெஞ்சு கரிக்குது", "கால் மரத்துப் போவுது" என்பதைப் புரிந்துகொள்வதும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

மருத்துவச்சிகளைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னேன். எல்லாக் கிளினிக்கிலும் நாளெல்லாம் டாக்டர் இருக்க முடியாது, இருக்கவும் தேவையில்லை. டிரசரின் இடத்தை இன்று அரசாங்க உதவி மருத்துவ அதிகாரியும் மிசியும் நிரப்புகிறார்கள். பத்து வருடம் ஒரே இடத்தில் இருக்கும் மிசிக்கு, மாதா மாதம் மாறும் டாக்டரைவிட அந்த வட்டாரத்து நோயாளிகளைப் பற்றி அதிகம் தெரியும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள்? டாக்டர் ஆகாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிற பெற்றோர், டிப்ளோமா அளவிலான இந்தப் படிப்புகளின் விண்ணப்பத் தேதியைக்கூடப் பார்ப்பதில்லை.

சபாவுக்கு அனுப்பப்படும் பிள்ளையின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றல் கேட்கத் தக்க காரணம் இருந்தால், அதாவது நோயாளிப் பெற்றோர், கணவன் மனைவி பிரிந்திருக்கும் நிலை போன்றவை இருந்தால், முறைப்படி மேல்முறையீடு செய்யலாம், செய்யுங்கள். பிரமுகர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் மாற்றல் வாங்கிக்கொண்டால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வீட்டுப் பிள்ளை போக வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். உட்பகுதி மாவட்ட மருத்துவமனையில் ஒரே ஆண்டில் அந்தப் பிள்ளை தன் கையால் செய்து பழகும் சிகிச்சைகள், பெரிய மருத்துவமனையில் வரிசையில் நிற்பவருக்கு எளிதில் கிடைக்காது.

தோட்டத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளினிக் கெசிஹாத்தான்களில் ஆலோசனைக் குழு வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. வட்டாரப் பொதுமக்களிலிருந்து அதற்கு உறுப்பினர்களை நியமிக்கிறார்கள். உங்கள் கிளினிக்கின் குழுவில் தோட்டத்திலிருந்து யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், கோயில் தலைவரோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரோ ஒருவரின் பெயரைக் கொடுத்து மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். கடிதத்தில் கிளினிக்குக்கு எத்தனை கிலோமீட்டர், பேருந்து உண்டா, எத்தனை முதியவர்கள் நீரிழிவு மருந்து எடுக்கிறார்கள், நடமாடும் கிளினிக் கடைசியாக எப்போது வந்தது என்று குறிப்பிடுங்கள். "கவனிப்பார் இல்லை" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் போட்டுவிடுவார்கள். எண்ணிக்கையோடு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.