நெடுநாள் ஓடாது நின்ற டீசல் எஞ்சினை மீண்டும் இயக்கும் முறை



போர்க் காலத்தில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது உறவினர் வளவில் நிறுத்திய கார், ஓட்டுபவர் முதுமையுற்றமையால் கொட்டிலில் விடப்பட்ட வான், 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் டீசல் கிடையாது மூலையில் ஒதுக்கப்பட்ட நீரிறைக்கும் எஞ்சின் ஆகியவற்றைத் திருகோணமலை மாவட்டத்தில் இன்றும் காணலாம். சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2015 ஆம் ஆண்டு முதலே படிப்படியாகத் தம் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. ஒன்பது பத்து ஆண்டுகள் நின்றுபோன எஞ்சினைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடுவோர் உளர். வேறு சிலர் புதிய பற்றரியைப் பூட்டி, அன்றைக்கே திறப்பைத் திருப்பிப் பார்ப்பர். இரண்டும் நட்டந் தரும் செயல்களாகும். நின்ற ஆண்டுகளில் தப்பிய எஞ்சின்கள் பல, ஆராயாது சுழற்றிய முதற் சில விநாடிகளில் முறிந்துபோவதுண்டு. ஒழுங்காகச் செய்யின் இவ்வேலைக்கு ஒரு கிழமை வரை செல்லும். பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்கு நீரிறைக்கத் தொடங்குமுன் உள்ள நாட்கள் இதற்கு ஏற்றவை.

நின்ற எஞ்சின் கெடுவது எவ்வாறு?

டீசல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்த மின்பொறி இல்லை. பிஸ்டன் மேலெழும்பும்போது சிலிண்டரினுள் உள்ள காற்று பதினாறு முதல் இருபத்திரண்டு மடங்கு வரை நெருக்கப்பட்டு, 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகின்றது. அச்சூட்டில் டீசல் புகைபோல நுண்துளிகளாகப் பீச்சப்படத் தானே பற்றிக்கொள்கின்றது. 1897 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் றூடோல்ப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினும் காற்றை நெருக்கிச் சூடேற்றும் இம்முறையிலேயே இயங்கிற்று. எனவே டீசல் எஞ்சின் ஓடுதற்கு இரண்டு வேண்டும்: காற்று கசியாத சிலிண்டரும், தூய டீசலும். நெடுநாள் நிற்றல் இவ்விரண்டையும் கெடுக்கின்றது.

கப்பல்துறை, சீனன்குடா, தம்பலகாமம் போன்ற குடாவை அடுத்த ஊர்களில் உப்புக் கலந்த ஈரக்காற்று எஞ்சினினுள்ளும் புகுகின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இவ்வீரம் மிகும். சிலிண்டரின் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துபோக, அவ்விடம் கறள் பிடித்து, பிஸ்டனின் வளையங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. குறையத் தாங்கியின் வெற்றிடத்தில் ஈரம் குளிர்ந்து நீராகி, டீசலின் அடியில் தங்குகின்றது. நீர் டீசலிலும் பாரமானது. சீனன்குடாவிலுள்ள பெரிய எண்ணெய்த் தாங்கிகளுக்கும் உங்கள் காரின் சிறு தாங்கிக்கும் இவ்விதி ஒன்றே. அந்நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளர்ந்து கருநிறச் சளியாகத் திரளும். டீசல் பம்பினுள் உராயும் பாகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கினும் குறைவு. அச்சளியும் கறளும் அவ்விடைவெளியிற் புகின் பம்பு பழுதாகும்.

1. தொடுமுன் பார்க்க வேண்டியவை

பற்றரியை இப்பொழுது பூட்ட வேண்டாம். எஞ்சின் மூடியை மெல்லத் திறந்து, பாம்பு, தேள் உண்டோவெனப் பாருங்கள். எலி கடித்த மின்கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தோல் உரிந்த கம்பி பற்றரியைப் பூட்டியவுடன் தீப்பற்றும். காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். காற்றுப் புகும் வழியிலும் புகைபோக்கியிலும் குளவிக்கூடு, எலிக்கூடு என்பன இருப்பின் முற்றாக அகற்றுங்கள். ஒயிற் கோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் போலிருப்பின் அதனுள் நீர் புகுந்துள்ளது. அவ்வெஞ்சினை மெக்கானிக் ஒருவர் பார்க்கும்வரை சுழற்றலாகாது.

2. கையாற் சுழற்றுதல்

இதுவே தலையாய படி. கியரை நடுநிலையில் வைத்துச் சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜெக்டர்களை, அதாவது டீசலைப் பீச்சும் நொசில்களை, கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுக. ஒவ்வொரு சிலிண்டருள்ளும் இரண்டு மேசைக்கரண்டி தூய எஞ்சின் ஒயிலை ஊற்றி, துளைகளைத் துணியால் மூடி இரண்டு மூன்று நாட்கள் விடுங்கள்.

பின்னர் எஞ்சினின் முன்புறத்தில் உள்ள கப்பியின் நடுவாணியில் ஸ்பனரைப் பொருத்தி, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். அசையாவிடின் இன்னும் சிறிது ஒயில் ஊற்றி, மேலும் சில நாட்கள் பொறுத்திருங்கள். ஸ்பனரில் நீண்ட குழாயைச் செருகி நெம்புவதும், காரைக் கயிறு கட்டி உழவு இயந்திரத்தால் இழுப்பதும் வளையங்களை முறிக்கும். சிலிண்டரிற் கூடுதலான ஒயில் இருக்கும்போது இன்ஜெக்டரைப் பூட்டிச் சுழற்றலும் ஆகாது. காற்று நெருங்கும், ஒயில் நெருங்காது. அதனால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

இரண்டு முழுச் சுற்றுக்கள் தடையின்றிச் சுழன்றால் எஞ்சினுக்கு உயிருண்டு எனக் கொள்ளலாம். ஒரு சிலிண்டர் உள்ள நீரிறைக்கும் எஞ்சினில், அமுக்கத்தை விடுவிக்கும் நெம்புகோலை உயர்த்திக்கொண்டு கைபிடியாற் சுழற்றுக. கைபிடியைப் பிடிக்கையில் பெருவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கமாக வைத்தல் வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைப்பின், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

வால்வுகளை இயக்கும் இணைப்பையும் அறிந்துகொள்ளுங்கள். 1960களில் வந்த மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களின் 1489 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினில் இது இரும்புச் சங்கிலி. டொயோட்டா 2சீ போன்ற எஞ்சின்களில் இது இறப்பர்ப் பட்டி. நெடுநாள் நின்ற இறப்பர்ப் பட்டி பார்வைக்கு நன்றாயிருப்பினும் வெடித்து அறக்கூடும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் அழியும். எனவே ஸ்டார்ட்டர் போடுமுன் அப்பட்டியை மாற்றுதல் வேண்டும்.

3. ஒயிலும் நீரும்

பழைய ஒயிலை முற்றாக வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிய ஒயிலை அளவுக் குறி வரை ஊற்றுங்கள். றேடியேற்றரின் பழைய நீரை வடித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். கிணற்று நீர் உவராயின் மழைநீரையோ வடித்த நீரையோ பயன்படுத்துக. கறளைத் தடுக்கும் குளிர்த்தித் திரவம் கலந்தால் மிக நன்று. நெகிழ்ந்த, வெடித்த இறப்பர்க் குழாய்களை மாற்றுங்கள். இவற்றின் விலை சிறிது. ஓடும்போது ஒன்று வெடித்தால் எஞ்சின் சூடேறித் தலைப்பாகம் வளையும்.

4. டீசல்

ஓராண்டுக்கு மேல் நின்ற டீசலை நம்ப வேண்டாம். தாங்கியின் அடியாணியைத் திறந்து முழுவதையும் வடியுங்கள். சளியும் கறளும் மிகுதியாயின் தாங்கியை இறக்கிக் கழுவுதல் வேண்டும். வடித்த டீசலையும் ஒயிலையும் வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது. அவை மண்ணில் ஊறிக் கிணற்று நீரைக் குடிக்கவொண்ணாதபடி கெடுக்கும். கலனில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜிற் கொடுத்துவிடுக.

புதிய டீசல் வடிகட்டியைப் பூட்டிப் புதிய டீசலை நிரப்பிய பின், குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுதல் வேண்டும். முதலில் வடிகட்டியின் தலையிலுள்ள ஆணியைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வழியும்போது ஆணியை இறுக்குக. அதன்பின் டீசல் பம்பிலுள்ள ஆணியிலும் அவ்வாறே செய்க.

மண்ணெண்ணெயில் ஓட்டலாமா எனச் சிலர் வினவுவர். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருட்டடை நிலவியபோது பழைய பெற்றோற் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயின் டீசல் எஞ்சினுக்கு அது பொருந்தாது. டீசல் பம்பின் உட்பாகங்கள் அதனூடே பாயும் டீசலாலேயே வழுவழுப்புப் பெறுகின்றன. மண்ணெண்ணெய்க்கு அவ்வழுவழுப்புப் போதாமையால் பம்பு விரைவில் தேயும்.

5. ஸ்டார்ட்டர் போடுதல்

காரைக் கொட்டிலிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளிச் செல்லுங்கள். தீயணைக்க மணல் வாளியொன்றை அருகில் வைத்துக்கொள்க. முழுதாக மின்னேற்றிய பற்றரியைப் பூட்டுங்கள். மெல்லச் சுழலும் எஞ்சினிற் காற்றுச் சூடேறாது. இன்ஜெக்டர்கள் வெளியே இருக்கும்போதே, டீசல் செல்லாதவாறு நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து விநாடிகளாகச் சுழற்றுங்கள். சிலிண்டரில் மிஞ்சிய ஒயில் வெளியே தெறிக்குமாதலால் எதிரே நிற்க வேண்டாம். ஒயில் விளக்கு அணையும்வரை இதனைச் செய்து, ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள்.

பின்னர் இன்ஜெக்டர்களைப் புதிய செப்பு வளையங்களோடு பூட்டி, அவற்றுக்குச் செல்லும் குழாய்களின் சுரைகளைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். டீசலைத் திறந்து சுழற்ற, அவ்விடத்தில் டீசல் கசியும். அப்போது சுரைகளை இறுக்குங்கள். டீசல் வராவிடின் பம்பிலுள்ள மின்னடைப்பானைப் பாருங்கள். திறப்பைத் திருப்பும்போது அதிலிருந்து சிறு தட்டொலி கேட்க வேண்டும். கேளாவிடின் அது ஒட்டிக்கொண்டிருத்தல் கூடும்.

இவ்வேளையில் மூன்று எச்சரிக்கைகளை மறவாதீர்கள்.

(அ) இன்ஜெக்டரிலிருந்து டீசல் நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கத்திற் பீறிடும். அது தோலைத் துளைத்து உடலுட் செல்லும். விரலால் தடவிக் கசிவு தேட வேண்டாம். கடதாசியை நீட்டிப் பாருங்கள். தோலைத் துளைத்துவிட்டால் காயம் ஊசிமுனை அளவேயாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

(ஆ) நெடுநாள் நின்ற பம்பு ஒட்டிக்கொண்டால், அல்லது மிகையான ஒயில் சிலிண்டருட் புகுந்தால், எஞ்சின் அடங்காது வேகங்கொண்டு ஓடும். திறப்பை மூடினும் நில்லாது. ஆகவே காற்றுப் புகும் வாயை மூடத்தக்க தடித்த பலகையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்றல் வேண்டும். காற்று நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். உள்ளங்கையால் மூடுதல் ஆபத்தானது.

(இ) விரைவிற் பற்றும் ஈதர்த் தெளிப்பானைச் சூடேற்றும் பிளக் உள்ள எஞ்சினிற் பயன்படுத்தலாகாது. அது வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

6. ஓடத் தொடங்கிய பின்

சில விநாடிகளுள் ஒயில் விளக்கு அணையாவிடின் உடனே நிறுத்துக. அணைந்தால் வேகங் கொடாது, பதினைந்து நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். தொடக்கத்திற் சிறிது வெண்புகை வருதல் இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாது, றேடியேற்றர் நீரும் குறையின், நீர் சிலிண்டருட் கசிகின்றதெனக் கொள்க. நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். ஒட்டிய வளையங்கள் சில நாள் ஓட்டத்திற் கழன்றால் இது குறையும். கரும்புகை டீசல் மிகுதியையோ காற்றுத் தடையையோ காட்டும்.

பத்து மணி நேரம் ஓடிய பின் ஒயிலையும் இரு வடிகட்டிகளையும் மீண்டும் மாற்றுங்கள். உட்கறள் யாவும் இவ்வொயிலில் இறங்கியிருக்கும். பிறேக்கும் ரயர்களும் பார்க்கப்படாமல் காரை வீதிக்குக் கொண்டுசெல்லல் ஆகாது. எஞ்சின் ஓடுவதைவிடக் கார் நிற்பது முதன்மையானது.

நீரிறைக்கும் எஞ்சினை உயிர்ப்பித்தோர் அதனைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டலாகாது. புகையிலுள்ள காபன் மொனொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கிணற்றுள் அது தேங்கின், இறங்கியவரையும் அவரைத் தூக்க இறங்கியவரையும் கொல்லும். எஞ்சின் எப்போதும் கிணற்றுக்கு வெளியே, புகைபோக்கி கிணற்றுக்கு எதிர்த்திசையை நோக்க நிற்றல் வேண்டும்.

7. மீண்டும் நிறுத்தி வைக்க நேரிடின்

போக முடிவில் எஞ்சினை நிறுத்துமுன் புதிய ஒயிலை ஊற்றி, தாங்கியை முழுவதும் நிரப்புங்கள். வெற்றிடம் இன்றேல் ஈரம் சேராது. காற்று வாயையும் புகைபோக்கியையும் துணியால் அடைத்து, அத்துணியின் நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். பற்றரியைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை அடைப்பை எடுத்துவிட்டு, நன்கு சூடேறும்வரை இருபது நிமிடம் ஓட்டுங்கள். டீசல் இல்லாத காலத்திற் கையால் இரு சுற்றுச் சுழற்றினாலும் போதும், வளையங்கள் ஒட்டா.

ஒரு கிழமை ஒயிலில் ஊறியும் அசையாத எஞ்சினையும், ஒயிலில் நீர் கலந்த எஞ்சினையும் தாமே பிரிக்க முயலாது, டீசல் வேலையறிந்த மெக்கானிக்கிடம் விடுதல் நன்று. திருத்தும் செலவை முன்னரே கேட்டு, வேறோர் எஞ்சின் வாங்கும் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். நீரிறைக்கும் எஞ்சினைப் பயிருக்கேற்ப அமைத்தல் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக.